நெல்லிவரைக் கிழங்கு

நான் குதிரைக்காரன். பேரு இன்னாசி. கொடைக்கானல் ஏரியைச் சுத்தி டூரிஸ்ட்டுங்களைக் குதிரையில ஏத்திக் காட்டுறது என் பொழப்பு. எங்கிட்ட ரெண்டு குதிரை. ஒண்ணு ராணி. இன்னொண்ணு மின்னல். மின்னல் நடக்கிற நடையைப் பார்த்தா அதுக்குப் பேரு வச்சவன் எவன்னு கேப்பீங்க. நான்தான் வச்சேன்.

ஏரிக்கு வர்றவங்க படகுல போவாங்க, சுட்ட சோளம் திம்பாங்க, பனி மூடினா ஆகான்னு கத்துவாங்க, இறங்கிப் போயிடுவாங்க. மலை அத்தோட முடிஞ்சுதுன்னு அவங்க நெனப்பு. எங்க முடியுது? ஜீப்புல ஒன்றரை மணி நேரம் போகணும். அங்க ஒரு டீக்கடை இருக்கு, அதோட தார்ரோடு நின்னுடும். அப்புறம் கீழ மூணு மணி நேரம் நடை. அங்கதான் நெல்லிவரை. நாப்பது வீடு. கடை இல்ல, கரண்டு இல்ல, ஆஸ்பத்திரி இல்ல. ஐப்பசி மழை பிடிச்சா பாதையும் இல்ல.

ஏரிக்குப் பின்னால ஒரு கஞ்சிமடம் இருக்கு. அதை நடத்துறது உலகம்மாள் அம்மா. தென்காசிப் பக்கத்துக்காரங்க, முன்னாடி நர்ஸா இருந்தவங்க, நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். காவி கட்ட மாட்டாங்க. உபதேசமும் கிடையாது. இருந்தாலும் எங்கிருந்தெல்லாமோ ஆளுங்க தேடிட்டு வருவாங்க, கேள்வி கேப்பாங்க. அம்மா வாயால பதில் சொல்றது அபூர்வம். கையில எதையாச்சும் குடுப்பாங்க, இல்ல கையில இருக்கிறதைப் பிடுங்குவாங்க. புரிஞ்சா புரிஞ்சுக்க வேண்டியதுதான்.

டூரிஸ்ட்டுங்க மடத்துல குடுத்துட்டுப் போற அரிசி, பருப்பு, மருந்து எல்லாம் மாசா மாசம் நெல்லிவரைக்குப் போகும். மூடி போட்ட பன்னெண்டு தகர டின். தூக்கிட்டுப் போறது என் குதிரைங்க. குதிரையை டீக்கடையில கொண்டுபோய்க் கட்டிட்டு, ஜீப் வந்ததும் ஏத்திக்கிட்டு இறங்குவேன்.

ஒரு வருசம் ஆவணியில சுப்புரத்தினம் சார் வந்தாரு. மதுரையில வட்ட வழங்கல் அதிகாரியா இருந்து ரிட்டயர் ஆனவர். இவர் ஜீப் சத்தம் கேட்டாலே ரேஷன் கடைக்காரனுங்க சரியான எடைக்கல்லைத் தேடி எடுத்து வைப்பாங்களாம். அறுபத்திரெண்டு வயசு. சம்சாரம் தவறிட்டாங்க. முப்பத்தாறு வருச சர்வீஸ்ல ஒருத்தன் கையில ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்ல. இதை வந்த அன்னிக்கே மூணு தடவை சொன்னாரு.

"அம்மா, நான் உங்ககிட்ட சிஷ்யனா இருக்க வந்திருக்கேன்."

"இருங்க ஐயா."

"ஒரே ஒரு கேள்வி. தருமத்துலயே பெரிய தருமம் எது?"

அம்மா உள்ள போய் ஒரு டம்ளர் காபி கொண்டாந்து நீட்டினாங்க.

"மன்னிக்கணும். நான் யார்கிட்டயும் வாங்கிச் சாப்பிடுறதில்ல. பிளாஸ்க்ல வச்சிருக்கேன்."

அம்மா அந்தக் காபியைத் தானே குடிச்சாங்க.

"என் கேள்விக்குப் பதில் சொல்லலையே?"

"ஆறிப்போயிடும்னு நானே குடிச்சிட்டேன்."

சார் என்னைத் திரும்பிப் பார்த்தாரு. நான் குதிரையைப் பார்த்தேன்.

அதுக்கப்புறம் தினமும் காலையில அவர் அதே கேள்வியைக் கேப்பாரு. அம்மா காபி நீட்டுவாங்க. அவர் வேண்டாம்பாரு. மடத்துல எல்லாருக்கும் ஒரே உலை. அவருக்கு மட்டும் மூலையில ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வு. அரிசியும் அவரே வாங்கிட்டு வந்தது. அதுக்காகக் குறை சொல்லக் கூடாது, வேலையில ஆள் புலி. மூட்டை தூக்குவாரு, கழுவி விடுவாரு, வர்ற அரிசியில ஒரு பிடி சிந்த விடமாட்டாரு.

ஐப்பசி பிறந்துச்சு. அம்மா அவரைக் கூப்பிட்டாங்க.

"இந்த மாசம் இன்னாசியோட நீங்க போயிட்டு வாங்க. நெல்லிவரையில போத்தன்னு ஒருத்தர் இருக்காரு, ஊருக்குப் பெரியவர். அவர் மக நாகாயிக்கு இது எட்டாம் மாசம், தலைப்பிரசவம். போன தடவை பார்த்தப்ப ரத்த அழுத்தம் கூட இருந்துச்சு. கால் வீங்கியிருக்கு. வரும்போது கம்புல டோலி கட்டித் தூக்கிட்டு வந்துடணும். மேல வந்துட்டா ஆஸ்பத்திரியில சேர்த்துடலாம். போத்தன் சரின்னிருக்காரு."

"நான் பார்த்துக்கிறேம்மா," அப்படின்னாரு சார். கையில அவர் டிபன் கேரியர், தோள்ல பிளாஸ்க்.

நெல்லிவரைக்கு எல்லையில ஒரு கல் நட்டிருக்கும். அதுக்கு அந்தப் பக்கம் செருப்புக் காலோட யாரும் போறதில்ல. நாங்க இறங்கிப் போய்ச் சேரும்போது ஊரே கல்லுகிட்ட நின்னுச்சு. அரிசி டின் பன்னெண்டையும் இறக்கினோம். போன மாசத்து டின் பன்னெண்டும் ஏத்துறதுக்குத் தயாரா இருந்துச்சு. சார் ஒண்ணைத் தூக்கிப் பார்த்தாரு. கனமா இருக்கவும் மூடியைத் திறந்தாரு.

உள்ள அவரைக்காய். இன்னொண்ணுல பூண்டு. இன்னொண்ணுல மலைவாழை, ஆரஞ்சு. கடைசி டின்ல ஒரு பாட்டில் தேன். நாகாயி புருசன் வீரணன் பாறையில கயிறு கட்டி இறங்கி எடுத்தது. அம்மாவுக்குன்னு தனியா வச்சிருந்தாங்க.

"இதெல்லாம் என்ன?"

"மடத்துக்கு சார். மாசா மாசம் குடுத்து விடுவாங்க. கஞ்சிக்கு ஆகும்."

"உனக்கு?"

"எனக்கு என்ன சார்... மின்னலுக்கு நாலு ஆரஞ்சு போடுவாங்க."

சார் சிரிச்சாரு. நல்ல சிரிப்பு இல்ல அது.

"முப்பத்தாறு வருசம் இதைத்தாம்ப்பா பார்த்தேன். முன்வாசல்ல குடுக்கிறது, பின்வாசல்ல வாங்கிக்கிறது. இவங்களுக்கே சோத்துக்கு வழியில்ல. இவங்ககிட்டயிருந்து நாம தூக்கிட்டுப் போறதா? வெட்கமா இல்ல உனக்கு?"

அப்படியே ஒவ்வொரு டின்னா எடுத்துக் கல்லுகிட்ட கொட்டினாரு. அவரைக்காய், பூண்டு, வாழை எல்லாம். தேன் பாட்டிலை மட்டும் கொட்டல. அதைப் போத்தன் கையில திருப்பி வச்சாரு.

"இதெல்லாம் நீங்க சாப்பிடுங்கப்பா. எங்களுக்கு உங்ககிட்டயிருந்து ஒண்ணும் வேண்டாம்."

அதை அவர் பாசமாத்தான் சொன்னாரு. அதான் கொடுமை.

நெல்லிவரையில ஒரு வழக்கம். ஒரு வீட்டுப் பாத்திரம் இன்னொரு வீட்டுக்குப் போனா அது வெறுமனே திரும்பாது. ஒரு பிடி கீரையாவது போட்டுத்தான் அனுப்புவாங்க. வெறும் பாத்திரத்தைக் கேட்டு வாங்கிட்டுப் போனா அந்த வீட்டோட உறவு அறுந்துச்சுன்னு அர்த்தம். அப்புறம் அவங்க வீட்டு நெருப்பைக்கூடத் தொட மாட்டாங்க. அண்ணன் தம்பி சண்டையில முறிச்சுக்கிறதும் இப்படித்தான். அத்தனை பேரு முன்னாடி, எல்லைக்கல்லுகிட்ட, மடத்தோட உறவை சார் பன்னெண்டு தடவை முறிச்சுட்டாரு.

எனக்கு இது தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொல்லல. என்னைத் திருடன்னு நெனச்சுட்டாரேன்னு கோவம். நாசமாப் போகட்டும்னு வாயை மூடிக்கிட்டு நின்னேன். இன்னிக்கு நெனச்சாலும் என் வாயிலேயே அடிச்சுக்கலாம்போல இருக்கு.

"பொண்ணு எங்க? டோலி கட்டலையா?" சார் கேட்டாரு.

போத்தன் தேன் பாட்டிலைப் பார்த்துட்டே சொன்னாரு, "அவ வரலைங்க."

"சம்மதிச்சதாச் சொன்னாங்களே?"

"அப்போ சம்மதிச்சோங்க."

அவ்வளவுதான். ஒருத்தர் பின்னால ஒருத்தரா எல்லாரும் உள்ள போயிட்டாங்க.

மடத்துக்கு வந்து சேர்ந்தப்ப பொழுது சாஞ்சிருச்சு. அம்மா வாசல்ல நின்னாங்க.

"நாகாயி எங்க?"

"வர மாட்டேன்னுட்டாங்கம்மா. எல்லாம் மூடநம்பிக்கை. கேட்டேன், பேசாம உள்ள போயிட்டாங்க."

அம்மா டின்னைப் பார்த்தாங்க. ஜீப்பிலிருந்து நான் இறக்கும்போது ஒண்ணோட ஒண்ணு இடிச்சு லொட லொடன்னு சத்தம்.

"டின்ல ஒண்ணும் வரலையா?"

"குடுத்தாங்க. வேண்டாம்னு கொட்டிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"தேனையும்?"

"அதைக் கையிலேயே திருப்பிக் குடுத்துட்டேம்மா."

அம்மா அப்படியே வாசப்படியில உட்கார்ந்துட்டாங்க. நான் ஆறு வருசமா மடத்துக்குப் போய் வர்றேன், அம்மா முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்ல.

"நாளைக்கே திரும்பப் போங்க."

மறுநாள் போக முடியல. மழை கொட்டித் தள்ளிருச்சு. பாதையில மரம் விழுந்து கிடக்குன்னு டீக்கடையிலிருந்து ஆள் வந்து சொன்னான். அன்னிக்குப் பூரா சார் மடத்துக்குள்ள குறுக்கயும் நெடுக்கயும் நடந்தாரு. எனக்கு மனசு தாங்கல. பாத்திர வழக்கத்தைப் பத்தி எல்லாம் சொல்லிட்டேன்.

கேட்டதும் அப்படியே நின்னுட்டாரு.

"நீ அங்கேயே சொல்லியிருக்கலாமேப்பா."

"சொல்லியிருக்கலாம் சார். நீங்க என்னைப் பார்த்த பார்வையில எனக்கு நாக்கு எழும்பல."

அவர் என் தோளை ஒரு தடவை தொட்டுட்டுப் போயிட்டாரு.

அடுத்த நாள் விடிஞ்சதும் கிளம்பினோம். சார் வழக்கம்போலக் கேரியரும் பிளாஸ்க்குமா ஜீப்புல ஏறப் போனாரு. அம்மா குறுக்க வந்தாங்க. கேரியரைக் கையிலிருந்து பிடுங்கினாங்க. தோள்ல கிடந்த பிளாஸ்க்கையும் கழட்டிக்கிட்டாங்க.

"அம்மா, ஆறு மணி நேரப் பாதை இது."

"தெரியும்."

"தண்டனையா?"

"இறங்கும்போது வழுக்கும். பார்த்துப் போங்க," அப்படின்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. டீக்கடையில நான் டீ வாங்கித் தரேன்னேன். அவர் தலையை ஆட்டி வேண்டாம்னுட்டாரு.

விழுந்த மரத்தை வெட்டி ஓரமாப் போட்டிருந்தாங்க, ஆனா மழையில பாதை சேறாயிருந்துச்சு. மூணு மணி நேர நடை அஞ்சு மணி நேரம் ஆச்சு. ரெண்டு தடவை விழுந்தாரு. எல்லைக்கல்லுகிட்ட போறப்ப சூரியன் உச்சி தாண்டியிருந்துச்சு.

அங்க அரிசி டின் பன்னெண்டும் வச்ச இடத்திலேயே இருந்துச்சு. மூடி திறக்கல. ஒவ்வொரு மூடி மேலயும் ஒரு கல்லு. பக்கத்துல அன்னிக்குக் கொட்டின அவரைக்காய் மழையில ஊறி அழுகிக் கிடந்துச்சு. ஊருக்குள்ள அரிசி கிடையாது. ரெண்டு நாளா எல்லாரும் காட்டுக் கிழங்கு தோண்டி அவிச்சுத் தின்னுட்டிருக்காங்க. அரிசி எல்லையில கிடக்கு.

சார் அந்த டின்னுங்களையே பார்த்தாரு. அவர் வாழ்நாள் பூரா அரிசி அளந்த மனுசன். பசியில இருக்கிறவன் அரிசியைத் தொடாம இருப்பான்னு அவர் எந்தக் கடையிலயும் பார்த்திருக்க மாட்டாரு.

போத்தன் வந்தாரு. மரியாதையாத்தான் கும்பிட்டாரு. கல்லுக்கு அந்தப் பக்கமே நின்னுக்கிட்டாரு.

"தம்பி, தெரியாமப் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க," அப்படின்னாரு சார். முந்தா நாள் 'சாப்பிடுங்கப்பா'ன்னு சொன்னவர்.

"மன்னிக்க என்னங்க இருக்கு."

"பொண்ணு எப்படி இருக்கா?"

"தலைவலின்னு படுத்திருக்காங்க. கண்ணு மங்கலாத் தெரியுதாம்."

"உயிர் விஷயம் தம்பி. டோலி கட்டச் சொல்லுங்க. இப்பவே போயிடலாம்."

"எங்க பிள்ளையை உறவுக்காரங்க கையிலதாங்க அனுப்புவோம்."

"நான் அரிசி கொண்டாந்தேனே!"

"அரிசி சர்க்காரும் தருதுங்க. சர்க்கார் எங்களுக்கு உறவுங்களா?"

சார் போய், குதிரையில கட்டிக் கொண்டாந்திருந்த ஒரு வெறும் டின்னை எடுத்துக் கல்லு மேல வச்சாரு.

"சரி. இப்ப குடுங்க. என்ன குடுத்தாலும் நான் எடுத்துட்டுப் போறேன். சத்தியமா."

போத்தன் அந்த டின்னைப் பார்த்தாரு. அவருக்கும் கண்ணு கலங்கியிருந்துச்சு. பெத்த பிள்ளை இல்லையா.

"பிள்ளைக்காக வாங்குறேங்கிறீங்க. அது வாங்குறது இல்லைங்களே சார். உங்களுக்கு எங்ககிட்ட வேண்டியது ஒண்ணும் இல்ல. அன்னிக்கு நீங்கதாங்க சொன்னீங்க."

சார் கல்லுக்கு இந்தப் பக்கம் சேத்துலயே உட்கார்ந்தாரு. விடிஞ்சதிலிருந்து பல்லுல பச்சைத் தண்ணி படல. அஞ்சு மணி நேரம் மலை இறங்கின உடம்பு. நான் டின்னுகிட்ட நின்னுக்கிட்டு அந்தோணியாரை வேண்டிக்கிட்டேன். வேற என்ன பண்ண?

உள்ள ஏதோ ஒரு வீட்டுல கிழங்கு வேகுற வாசம் வந்துச்சு.

"பசிக்குது," அப்படின்னாரு சார்.

போத்தனைப் பார்த்துச் சொல்லல. என்னைப் பார்த்தும் சொல்லல. தரையைப் பார்த்துச் சொன்னாரு. திரும்பவும் சொன்னாரு, "பசிக்குதே."

முதல் வீட்டு வாசல்ல நாகாயி நின்னுட்டிருந்தா. எப்ப எழுந்து வந்தாளோ தெரியல. முகம் உப்பிப் போயிருந்துச்சு. நிலைக்கட்டையைப் பிடிச்சுட்டு நின்னா.

"அப்பா, பசின்னு ஒரு ஆளு உட்கார்ந்திருக்கு. பார்த்துட்டு நிக்கிறீங்களே."

உள்ள போனா. ஒரு தேக்கிலையில அவிச்ச கிழங்கு ரெண்டு, மேல கொஞ்சம் தேன். அந்தத் தேன்தான். மெதுவா நடந்து வந்து, கல்லைத் தாண்டிக் கையை நீட்டிக் குடுத்தா.

சார் வாங்கினாரு. வாங்கின வேகத்தைப் பார்த்தா முப்பத்தாறு வருசம் எல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. தோலோட தின்னாரு. தேன் தாடையில வழியுது, துடைக்கல. விரலை நக்கினாரு. இலையை நக்கினாரு. ஊரே வாசல்ல நின்னு பார்க்குது, அவருக்கு அந்த நெனப்பே இல்ல.

தலையை நிமிர்த்தி நாகாயியைப் பார்த்தாரு.

"இன்னும் ஒண்ணு இருக்கா தாயி?"

அதை அவர் யோசிச்சுக் கேக்கல. பசி கேட்டுச்சு. நான் பக்கத்துல நின்னவன், எனக்குத் தெரியும்.

நாகாயி முகம் விழுந்து போச்சு. அவ குடுத்தது அவளுக்குன்னு வச்சிருந்தது. சட்டி காலி.

"தீந்துருச்சுங்களே," அப்படின்னா.

போத்தன் கல்லைத் தாண்டி வந்தாரு. சாரைக் கைத்தாங்கலாத் தூக்கி நிறுத்தினாரு. திரும்பி ஊரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாரு.

"டோலிக் கம்பை எடுங்கடா!"

எட்டுப் பேரு மாத்தி மாத்தித் தூக்கினாங்க. வீரணன் முன்கம்பை விட மாட்டேன்னுட்டான். சார் டோலி பக்கத்துலயே ஏறி வந்தாரு, குதிரையில ஏறச் சொன்னேன், கேக்கல. நாகாயி பாதி வழியில நெனவு தப்பிட்டா. ஜீப்புக்கு வந்து, ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது இருட்டிருச்சு. அம்மா அங்க முன்னாடியே வந்து நின்னாங்க.

நாகாயி பொழைச்சா. குழந்தை பொழைக்கல. ஆம்பளைப் பிள்ளை. வெளிய எடுத்தும் அழவே இல்ல. டாக்டரம்மா வந்து சொன்னாங்க, "ரெண்டு நாள் முந்தி கொண்டாந்திருந்தா ரெண்டு பேரையும் காப்பாத்தியிருக்கலாம்."

போத்தன் சுவத்துல தலையை வச்சுக்கிட்டாரு. யாரையும் ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா எங்களுக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

மறுநாள் மடத்துல சார் அம்மா முன்னாடி உட்கார்ந்தாரு. ரெண்டு கையையும் விரிச்சு மடியில வச்சுக்கிட்டாரு.

"முப்பத்தாறு வருசம் இந்தக் கையைச் சுத்தமா வச்சிருந்தேம்மா."

"ஆமா."

"இந்தக் கைதான் அந்தப் பிள்ளையைக் கொன்னுச்சு."

அம்மா இல்லைன்னு சொல்லல. அவர் அதுக்காகத்தான் காத்திருந்தாருன்னு நெனைக்கிறேன்.

"நீங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருக்கணும். போய்ப் பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்னு விட்டேன். அதுல பாதி என் கணக்குல இருக்கு. அதை நான்தான் சுமக்கணும்."

மீதியில எனக்கும் பங்கு உண்டுன்னு சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்துச்சு. வெளிய போய் மின்னல் கழுத்தைக் கட்டிக்கிட்டு நின்னேன்.

அதுக்கப்புறம் சார் கேள்வி கேக்கிறதை விட்டுட்டாரு. அம்மாவும் காபி நீட்டுறதை விட்டுட்டாங்க. அவர் ஸ்டவ்வு பத்த வைக்கல. எல்லாரோடயும் உட்கார்ந்து மடத்துக் கஞ்சியைக் குடிச்சாரு. கார்த்திகை வந்ததும், மதுரைக்குப் போறேன்னு சொல்லிட்டு டிரங்குப் பெட்டியைக் கட்டி வச்சாரு. அந்த மாசத்து அரிசிக்கு நான் மட்டும் இறங்கினேன்.

நான் திரும்பி வரும்போது அவர் பெட்டியோட மடத்து வாசல்ல பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தாரு. அம்மா பக்கத்துல நின்னாங்க.

டின் பன்னெண்டையும் இறக்கினேன். எல்லாம் கனம். அவரைக்காய், பூண்டு, வாழை, வழக்கம்போல. ஒரு டின்னுல மட்டும் மூடியைச் சுத்தி மஞ்சக் கயிறு கட்டியிருந்துச்சு. அதை எடுத்து சார்கிட்ட கொண்டுபோனேன்.

"இது உங்களுக்கு சார். நாகாயி குடுத்து விட்டா."

அவர் ரெண்டு எட்டுப் பின்னால போனாரு. "எனக்கா? நாகாயியா?"

"ஆமா சார்."

"எழுந்து நடக்குறாளா?"

"நடக்குறா. கிழங்கு அவதான் தோண்டினாளாம். வீரணன் வேண்டாம்னு சொல்லியும் கேக்கலையாம்."

கயிறை அவிழ்த்து மூடியைத் திறந்து காட்டினேன். தேக்கிலையில பொதிஞ்ச அவிச்ச கிழங்கு. மேல தேன்.

"என்ன சொன்னா?" அம்மா கேட்டாங்க.

நான் அவ சொன்னதை அப்படியே சொன்னேன். "'அன்னிக்கு அந்த ஐயா ரெண்டாவது தடவை கேட்டாரு, சட்டியில இல்லாமப் போச்சு. எனக்கு அதே நெனப்பாவே இருக்குண்ணே. மறக்காமக் குடுத்துருங்க'ன்னா."

சார் கையிலிருந்து பெட்டி நழுவிக் கீழ விழுந்துச்சு. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டாரு, அடி வாங்கப் போற பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. பஸ்ஸு வந்து ஹாரன் அடிச்சுட்டு நின்னுச்சு. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கல. கண்ணுல தண்ணி கொட்டுது.

"அவ பிள்ளை போச்சு. என்னாலதான் போச்சு. அவ குடுக்கிறா." அம்மாவைப் பார்த்துக் கேட்டாரு, "இதை நான் எப்படிம்மா வாங்குவேன்?"

அம்மா எங்கிட்டயிருந்து டின்னை வாங்கி அவர் முன்னாடி பிடிச்சாங்க.

"ரெண்டு கையாலயும்."